ஸ்டார்ட்டரில் சொருகிய குச்சி

வாசகர் கேள்வி – பட்டறைக்காரர் பதில்

கோடையில் கிணற்று மோட்டார் ஏன் அடிக்கடி எரிகிறது என்று கேட்ட ஒரு விவசாயிக்குப் போன இதழில் பதில் எழுதினேன். முடிக்கிற இடத்தில், “மனுசனும் இப்படித்தான் எரியறான்” என்று விளையாட்டாக ஒரு வரி சேர்த்துவிட்டேன். அன்னூர்ப் பக்கம் 36 வருசமாக, எரிந்த மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே சுற்றுகிற செம்புக் கம்பி, கட்டுகிறவன் நான். இந்தப் பகுதியில் மோட்டாரைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன், இத்தனை கடிதம் ஒருநாளும் வந்ததில்லை. வந்ததில் ஒன்றுகூட மோட்டாரைப் பற்றி இல்லை என்பதுதான் வேடிக்கை. “இந்தத் தடவை முழுக்க இதையே எழுதிருங்க” என்றார் ஆசிரியர். சரி. நான் டாக்டர் இல்லை, காயில் கட்டுகிறவன். அதை மறக்காமல் படியுங்கள்.

கேள்வி: ஐயா, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு வருசமாக மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு பையரின் (துணி வாங்குகிறவரின்) ஆர்டரைப் பார்த்து முடித்துக் கொடுக்கிறவளாக இருக்கிறேன். வயது 29. காலை எட்டரைக்குப் போனால் வீடு திரும்ப ஒன்பது ஆகிறது. அதற்குமேல் ஜெர்மனி பையரின் மெயில் வரும், பதினொன்றரை வரை போனும் கையுமாக இருப்பேன். முன்பெல்லாம் ஒரு சாம்பிள் அப்ரூவல் ஆனால் அன்றைக்குப் பூராவும் சந்தோஷமாக இருக்கும். இப்போது பீஸைக் கையில் எடுத்தாலே எரிச்சல் வருகிறது. ஞாயிறு முழுக்கத் தூங்கினாலும் திங்கள் காலையில் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானா?
– பெயர் வேண்டாம், அனுப்பர்பாளையம்

பதில்: சோம்பேறி எவனும் ராத்திரி பதினொன்றரைக்கு மெயிலுக்குப் பதில் போட்டு நான் பார்த்ததில்லை, அம்மிணி. வீட்டில் இதை முதலில் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதற்கு ‘பர்ன் அவுட்’ என்று பேர் வைத்து அரை நூற்றாண்டு ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலின் 11-வது பதிப்பில் அதை விளக்கி எழுதியிருக்கிறது. வியாதி என்று சொல்லவில்லை. நாள்பட்ட வேலை நெருக்கடியைச் சரிக்கட்டாமல் விட்டதால் வருகிற நிலை என்கிறது. மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: தெம்பே இல்லாமல் போவது, செய்கிற வேலைமேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருவது, ‘நான் செய்து என்ன ஆகப்போகிறது’ என்று தன் கைவேலை மேலேயே நம்பிக்கை குறைவது. முதல் இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்றாவதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எரிந்த மோட்டாரைப் பிரித்ததும் நான் முதலில் பார்ப்பது, கருப்பு எங்கெங்கே இருக்கிறது என்பதைத்தான். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் தாங்க முடியாத பாரம். சில காயில் கருகி, சிலது நேற்றுக் கட்டியதுபோல மினுமினுவென்று இருந்தால் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று வராமல் ஓடியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. உங்களையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். தங்கச்சி குழந்தையோடு விளையாடும்போது சிரிக்க முடிகிறதா? நோம்பிக்கு ஊருக்குப் போனால் ஒருவாய்ச் சோறு ருசிக்கிறதா? கம்பெனி நினைப்பு வந்தால் மட்டும்தான் இருட்டிக்கொண்டு வருகிறதா? அப்படியானால் பாரம் வேலையில்தான் இருக்கிறது. அதைக் குறைக்க வழி பார்க்கலாம். வீடு, சாப்பாடு, குழந்தை எல்லாமே ஒரே கருப்பாகத் தெரிந்தாலோ, ‘இருந்து என்ன’ என்று ஒரு நொடி தோன்றியிருந்தாலோ, இந்தப் பத்தியை மூடி வைத்துவிட்டு மனநல டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசு எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை.

வேலையின் பாரம்தான் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

ஞாயிறு தூக்கம் ஏன் போதவில்லை? எங்கள் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. கம்பியைக் காக்கிற இன்சுலேஷனுக்கு என்று ஒரு சூடு அளவு இருக்கிறது, சாதாரண ‘பி கிளாஸ்’ என்றால் 130 டிகிரி. அதற்குமேல் பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதி. இன்னொரு பத்து ஏறினால் பாதியில் பாதி. அதனால் மோட்டார் எரிகிற அன்றைக்கு எரிவதில்லை. முந்தின வருசமே எரியத் தொடங்கிவிடுகிறது. “நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க” என்று சொல்லாமல் மோட்டாரைத் தூக்கிவந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆறு வருசம் ஏறிய சூட்டை ஒரு ஞாயிறு எப்படி இறக்கும்? மனுசன் இதில் மோட்டாரைவிடக் கொடுத்துவைத்தவன், கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஊறி மேலே வந்துவிடுவான். ஆனால் நாள் பிடிக்கும். அதுவரை தினமும் கொஞ்சம் ஆற வேண்டும்.

அந்தக் கொஞ்சம் எங்கே கிடைக்கும் என்று உங்கள் கடிதத்திலேயே தேடினேன், கிடைத்தது. ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேஜையைக் காலி செய்யும்போது கடைசியாக உங்களுக்கு ஒரு மெயில் தட்டிவிடுகிறார். இங்கே அப்போது ஒன்பதரை, குளிர்காலமானால் பத்தரை. தட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போயாயிற்று! நீங்கள் பதினொன்றரைக்கு அனுப்பும் பதிலை அவர் பார்ப்பது மறுநாள் காலை ஒன்பதுக்கு. நமக்கு அது பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்த பிறகும் பதில் எழுத உங்களுக்கு நாலு மணி நேரம் இருக்கிறது. அந்தப் பதினொன்றரை மணி மெயிலால் யாருக்கு என்ன லாபம்?

இதை முதலாளியிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். ‘என்னால் முடியவில்லை’ என்று போனால் அவர் உங்களைப் பார்ப்பார்; மணிக்கணக்கோடு போனால் கணக்கைப் பார்ப்பார். ஷிப்மெண்ட் வாரத்தில் ராத்திரி போன் வரத்தான் செய்யும். அந்த வாரம் இருந்துகொள்ளுங்கள். வருசத்தில் 52 வாரமும் ஷிப்மெண்ட் வாரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை, வயது 26. எங்கள் டீமில் ‘அஜைல்’ முறை; வேலையை இரண்டிரண்டு வாரத் துண்டாகப் பிரித்து முடிப்போம், ஒவ்வொரு துண்டும் ஒரு ‘ஸ்பிரிண்ட்’. ஒவ்வொரு ஸ்பிரிண்டின் கடைசி மூன்று நாளும் விடிய விடிய வேலை. டீம் லீடிடம் சொன்னால், அஜைல் என்றாலே வேகம்தான் என்கிறார். வேலையை விட்டுவிட்டு ஊரில் தென்னந்தோப்பைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.
– ஒரு வாசகர், கீரணத்தம்

பதில்: தென்னந்தோப்பில் வெள்ளை ஈ, வேர்வாடல், ஆள் கூலி எல்லாம் இருக்கிறது, தம்பி. அங்கே கொண்டுபோய் விழுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

எனக்கு உங்கள் தொழில் தெரியாது. என் அண்ணன் பையன் அதில்தான் இருக்கிறான். உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தான். 2001-ல் அமெரிக்காவில் யூட்டா மலையில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கையிலிருந்துதான் இந்த ‘அஜைல்’ என்ற பேரே வந்ததாம். அதில் பன்னிரண்டு கொள்கைகள் இருக்கின்றன. அதில் ஒன்று சொல்வது: பணம் போடுகிறவர், வேலை செய்கிறவர், பயன்படுத்துகிறவர் எல்லாரும் எத்தனை காலத்துக்கும் ஒரே சீரான வேகத்தில் போகக்கூடியதாக வேலை இருக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ என்று ஒரு முறை இருந்திருக்கிறது. அதன் விதி இன்னும் கறார்: வாரத்துக்கு 40 மணி நேரம், அவசரத்துக்கு ஒரு வாரம் ஓவர்டைம் செய்யலாம், தொடர்ந்து இரண்டாவது வாரம் கூடவே கூடாது. உங்கள் லீட் பெயரை மட்டும் படித்துவிட்டு உள்ளே திறந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. ‘ஸ்பிரிண்ட்’ என்று பேர் வைத்ததும் ஒரு தப்புத்தான். நூறு மீட்டர் ஓட்டத்தை வருசத்துக்கு 26 தடவை, மூச்சு வாங்காமல் எவன் ஓடுவான்?

எங்கள் அப்பாரு கவலை ஓட்டி வெள்ளாமை செய்தவர். இளசுகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்: கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு வாரி இருக்கும். மாட்டைப் பூட்டி அந்தச் சரிவில் இறக்கினால் வடம் இழுத்து, சால் நிறையத் தண்ணீர் மேலே வந்து கொட்டும். மாடு பின்னாலேயே ஏறிவர, சால் கிணற்றுக்குள் இறங்கும். விடிகாலை இருட்டிலேயே பூட்டுவார். எங்கள் கிணற்றுப் படியில் ஒரு மஞ்சள் கல் உண்டு. தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழே இறங்கியதும், இன்னும் ரெண்டே பாத்தி பாக்கி என்றாலும், மாட்டை அவிழ்த்துவிடுவார். “மாட்டுக்காகவா?” என்று ஒருதடவை கேட்டேன். “மாடு, கிணறு, நானு, மூணு பேருக்குந்தான்” என்றார். பொழுதோட போய்ப் பார்த்தால் தண்ணீர் ஊறி மஞ்சள் கல் முழுகியிருக்கும். அந்த ரெண்டு பாத்தி அப்போது பாயும்.

உங்களுக்கு அந்தக் கல் எது? போன மூன்று ஸ்பிரிண்டில், ராத்திரி உட்கார்ந்ததைக் கழித்துவிட்டு, பகல் நேரத்தில் எவ்வளவு வேலை முடிந்ததோ அதுதான். அடுத்த தடவை திட்டமிடும்போது அந்த அளவுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். இதில் நீங்கள் எல்லாரும் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது. விடிய விடிய உட்கார்ந்ததைக் கணக்கில் காட்டாமல் வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறீர்கள். மேலே இருப்பவர் கண்ணுக்கு, இந்த டீம் எட்டு மணி நேரத்தில் இவ்வளவு செய்யும் என்றுதான் தெரியும். அடுத்த ஸ்பிரிண்டை அதன்மேல் ஏற்றுவார், நீங்கள் மறுபடி விடிய விடிய உட்கார்வீர்கள். மீட்டரை நிறுத்தி வைத்துவிட்டு பில் கம்மியாக வருகிறது என்று சந்தோஷப்படுகிற கதை. ராத்திரி வேலையை ராத்திரி வேலை என்றே எழுதுங்கள். தனியாக எழுதினால் உங்கள்மேல் கண் விழும். டீமில் நாலு பேர் சேர்ந்து எழுதுங்கள்.

அதற்குப் பிறகும் லீட் மாறவில்லை என்றால் வேறு கம்பெனி பாருங்கள். தோப்பு எங்கேயும் போய்விடாது.

கேள்வி: ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கிறேன். அதனால்தான் வண்டி ஓடுகிறது. தப்பா?
– லாரி புக்கிங் ஆபீஸ் ஊழியர், சங்ககிரி

பதில்: ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓவர்லோடு ரிலே என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தால் சூடாகித் தானே தட்டிவிட்டு மோட்டாரை நிறுத்தும். சிலருக்கு அது பெரிய தொந்தரவு. ‘சும்மா சும்மா நிக்குது’ என்று ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து, தட்ட முடியாதபடி உள்ளே சொருகிவிடுவார்கள். அன்றைக்கு மோட்டார் நிற்காமல் ஓடும். அடுத்த வாரம் என் கடைக்கு வரும்.

முதல் இரண்டு டீ டீதான். மிச்ச ஐந்தும் குச்சி. உடம்பு ‘நிறுத்து’ என்று தட்டும்போதெல்லாம் அதைச் சொருகுகிறீர்கள். அதுவும் டீயில் இருக்கிற கஃபீன் பாதி இறங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணி டீயில் பாதி பதினொரு மணிக்கும் உங்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கம் கெடும், மறுநாள் எட்டாவது டீ தேவைப்படும். நாலு மணிக்கு மேல் நிறுத்திப் பாருங்கள். முதல் வாரம் தலை வலிக்கும். தலைவலிக்கு மாத்திரை வாங்கினால் அது இன்னொரு குச்சி.

கேள்வி: நீங்கள் எல்லாம் கம்பெனி வேலை, ஆபீஸ் வேலை என்றே எழுதுகிறீர்கள். எனக்கு வயது 52. மாமியார் படுத்த படுக்கையாக மூன்று வருசம். இரண்டு கறவை மாடு. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் மாமியாரைத் தொட்டுப் பார்க்கிற வேலை எல்லாம் என் தலையில். எனக்கு ஞாயிறு இல்லை, ஓய்வு வயது இல்லை. போன மாசம் மாமியார் தண்ணீர் கேட்டபோது டம்ளரை நங்கென்று வைத்துவிட்டேன். அப்புறம் மாட்டுக் கட்டுத்தரையில் போய் அழுதேன்.
– ஒரு வாசகி, கோபி அருகே

பதில்: அம்மிணி, உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். இந்தப் பதிலில் பாதி அவள் சொன்னது.

அவள் கேட்ட முதல் கேள்வி: “அந்தம்மா வீட்டு மாட்டுக்குப் பால் வத்த விடறாங்களா இல்லியா?” விடாமல் இருப்பீர்களா. கன்று போடுவதற்கு அறுபது நாள் இருக்கும்போது கறவையை நிறுத்திவிடுகிறோம். சொசைட்டிக் காசு குறைகிறது என்று தெரிந்தும் நிறுத்துகிறோம். அந்த இரண்டு மாசம் மடி ஆறாவிட்டால் அடுத்த ஈத்துப் பால் குறைந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். மாட்டுக்கு வருசத்துக்கு இரண்டு மாசம் லீவு கொடுக்கிற அதே வீட்டில், கறக்கிறவளுக்கு மூன்று வருசமாக ஒருநாள்கூட இல்லை. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் இப்படியே சொல்லுங்கள், நல்லவர் என்கிறீர்களே, புரிந்துகொள்வார்.

டம்ளரை நங்கென்று வைத்ததற்கு அழாதீர்கள். ரிலே தட்டிய சத்தம் அது. கெட்ட எண்ணத்தால் வந்ததில்லை.

இனிமேல் செய்யக்கூடியது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை அரசு 2021-ல் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது மட்டும்தான் பலருக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் பார்ப்பதும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், அல்லது ஊருக்கு வரும் நர்சம்மாவிடம், மாமியார் பேரைப் பதிந்து வையுங்கள். படுக்கைப் புண்ணைப் பார்க்க, புரட்டிப் படுக்க வைக்கச் சரியான முறையை ஒருவர் வந்து காட்டினாலே உங்கள் இடுப்பு பாதி தப்பிக்கும்.

இரண்டாவது, நாத்தனார். இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை; என் வீட்டுக்காரி கட்டாயம் இருப்பார் என்கிறாள். பெற்ற தாயைப் பார்க்க ஒரம்பரையாக வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறவரை, மாசத்தில் ஐந்து நாள் பையோடு வந்து தங்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் வீட்டுக்காரர் கேட்கட்டும், அவருடைய அக்காவோ தங்கையோதானே. அந்த ஐந்து நாளில் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் நீங்கள்தான் செய்வீர்கள். அப்பச்சி ஊருக்குப் போங்கள், பவானி கூடுதுறையில் போய் உட்காருங்கள், எங்கேயாவது. மாட்டை வீட்டுக்காரர் கறக்கட்டும். எட்டி உதைத்தால் உதைக்கட்டும், நாலு நாளில் கை பழகிவிடும். (கடைசி வாக்கியமும் என்னுடையது இல்லை.)

கேள்வி: பல்லடம் பக்கம் இருபது பவர் டேபிள் (மோட்டார் தையல் மிஷின்) போட்டு ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனி ஆர்டரைத் தைத்துக் கொடுக்கிற வேலை, செய்கிறேன். நிதானம், ஓய்வு என்று படிக்க நன்றாக இருக்கிறது. ஆர்டரை யார் முடிப்பது? ஓவர்டைம் வேண்டாம் என்றால் டெய்லர்களே பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். அவர்களே கேட்டு வாங்குகிற ஒன்றை நான் ஏன் நிறுத்த வேண்டும்?
– ஒரு யூனிட் உரிமையாளர்

பதில்: கோபத்தில் எழுதினாலும் நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். பாதி உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ரேட்டை அடித்துக் குறைத்துவிட்டு, தேதியையும் முன்னால் இழுத்துக் கொடுக்கிறவர் உங்களுக்கு மேலே ஒருவர் இருக்கிறார், தெரியும்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். ஓவர்டைம் கேட்கிற டெய்லருக்கு வேண்டியது பணம். ராத்திரி எட்டரை வரை மிஷினில் உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. பகல் கூலியில் வாடகையும் ஸ்கூல் பீஸும் அடையாததால் கேட்கிறார். வோல்டேஜ் குறைவாக வந்தால் மோட்டார் என்ன செய்யும் தெரியுமல்லவா? அதே பாரத்தை இழுக்க அதிக ஆம்பியர் இழுக்கும், சூடாகும். மோட்டாரைக் குறை சொல்லி ஆவதில்லை, வருகிற வோல்டேஜ் போதவில்லை.

1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்குமேல் இரட்டிப்புக் கூலி என்று எழுதிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் என் கடைக்கு வந்த ஒரு கட்டிங் மாஸ்டர் சிரித்தார்: “எதுக்குங்க இத்தன கலாட்டா, நாங்க எந்தக் காலத்துலயோ ஒன்றரை ஷிப்ட்டுதான்.” எட்டரைக்கு எட்டரை, ஆறு நாள். சாப்பாடு, டீ நேரம் கழித்தாலும் அறுபதைத் தாண்டுகிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35–40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு வகை இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

இதெல்லாம் உங்களை அசைக்காது என்றும் தெரியும். ஒன்று மட்டும் செய்யுங்கள். செக்கிங் டேபிளில் ஒரு சிலேட்டு மாட்டி, திரும்பி வரும் ஒவ்வொரு பீஸும் எத்தனை மணிக்குத் தைத்தது என்று ஒரே மாசம் எழுதச் சொல்லுங்கள். தையல் விட்டது, ஸ்லீவ் மாறியது, எண்ணெய்க் கறை, எல்லாம். மாசக் கடைசியில் ஆறு மணிக்கு மேல் தைத்ததில் எத்தனை திரும்பியது, அதைப் பிரித்துத் தைக்க எத்தனை மணி நேரம் போனது என்று கூட்டிப் பாருங்கள். கணக்கு எப்படி வந்தாலும் எனக்கு எழுதுங்கள், என் பேச்சுக்கு எதிராக வந்தாலும் அச்சில் போடச் சொல்கிறேன். எனக்கு எதிராக வராது என்று நினைக்கிறேன். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஊருக்கு உபதேசம் சரி. உங்களுக்கு இப்படி எரிந்ததுண்டா?
– ஒரு வாசகர், உடுமலை

பதில்: 2003 கோடை. இரண்டு வருசமாக மழை ஏமாற்றிய சமயம். கிணறெல்லாம் அடி தெரிந்து, மோட்டார்கள் காற்றை இழுத்து, வரிசையாகக் கருகிக்கொண்டிருந்தன. கடை வாசலில் எந்நேரமும் எட்டுப் பத்து மோட்டார் கிடக்கும். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு காய்கிற தோட்டம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திண்ணையில் காத்திருக்கும் ஒரு ஆள். எப்படி முடியாது என்பது? காலை ஆறிலிருந்து ராத்திரி ஒன்று வரை கட்டினேன். உதவிக்கு இருந்த பையன் மூன்றாவது வாரமே சொல்லாமல் நின்றுவிட்டான். அவன்மேல் எனக்கு அப்போது கோபம். இப்போது அவனுக்கு என்னைவிட அறிவு இருந்தது என்று நினைக்கிறேன்.

பணமும் வந்தது, மறைப்பானேன். அது ஒரு போதை.

சித்திரையில் ஒரு நாள், பெரியவர் ஒருவரின் ஐந்து ஹெச்.பி. மோனோபிளாக். 24 ஸ்லாட், அதாவது கம்பி இறக்குகிற பள்ளம். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் பேப்பர் வைத்து, அதன்மேல் ஒயரை இறக்க வேண்டும். ஒரு ஸ்லாட்டில் ஓரத்தில் பேப்பர் கிழிந்திருந்தது. விரலால் தடவியிருந்தாலே தெரிந்திருக்கும். விரல் தடவியது, மனசுக்கு எட்டவில்லை. வார்னிஷ் ஊற்றி முழுசாகக் காயவிடவும் இல்லை, விடிந்ததும் ஆள் வந்து நிற்பாரே என்ற அவசரம். மூன்றாம் நாள் கம்பியிலிருந்து கரண்ட் இரும்புப் பாடிக்குப் பாய்ந்து, எர்த் அடித்து மோட்டார் போய்விட்டது. அவருடைய அரை ஏக்கர் தக்காளி, பூவெடுத்து நின்றது, நாலு நாள் தண்ணீர் இல்லாமல் சுருண்டுவிட்டது.

மோட்டாரை டயர் வண்டியில் வைத்து அவரே தள்ளிக்கொண்டு வந்தார். சண்டைக்குத் தயாராக நின்றேன். தப்பு என்மேல் என்று தெரிந்தால் சத்தம் பெரிதாக வருமே. அவர் சத்தமே போடவில்லை. நான் ஸ்குரூவைக் கழற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “கை நடுங்குது கண்ணு, இத நீ இன்னிக்குக் கட்டாத. நாளைக்குக் கட்டு” என்றார். தண்ணீரில்லாமல் காய்கிற ஆள் சொன்னார் அதை! கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எத்தனை நாளாக நடுங்கியதோ.

மறுநாள் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்தேன், தக்காளிக்கு ஒரு தொகையும் கொடுத்தேன், பாதிதான் வாங்கிக்கொண்டார். அந்த வாரம் கதவில் சாக்பீஸால் எழுதினேன்: ‘ஒரு நாளைக்கு மூன்று மோட்டார். இன்றைய கணக்கு முடிந்தது.’ சுலபமாக ஒன்றும் இருக்கவில்லை. நிறையப் பேர் வேறு கடைக்குப் போனார்கள், சிலர் திரும்பவே இல்லை. என் மாமன் மகன், நாலாவது மோட்டாராகத் தன்னுடையதைச் சேர்க்கவில்லை என்று இரண்டு வருசம் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். அந்த வருசக் கடனை அடைக்க இன்னும் ஒரு வருசம் கூடுதலாக ஆனது. ஆனால் கட்டிய மோட்டார் திரும்பி வருவது ஏறக்குறைய நின்றது. திரும்பி வந்ததைச் சும்மா கட்டிக் கொடுக்கிற நேரத்தையெல்லாம் சேர்த்தால், முன்னாலும் நான் ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் கட்டவில்லை என்று பிறகுதான் கணக்குப் போட்டேன். பல்லடத்துக்காரர் கவனிக்க.

இப்போது கடை சாத்துவது ஏழு மணிக்கு. சாவி என் வீட்டுக்காரியிடம். என்னை அவள் நம்புவதில்லை. போன வாரம் ஏழே காலுக்கு ஒருவர் டி.வி.எஸ். பின்னால் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ரொம்ப அவசரம் என்றார். ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தீங்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை. போய்ப் பாருங்க, குச்சி இருந்தா எடுத்துப் போட்டுட்டு காலைல வாங்க என்றேன். திட்டிக்கொண்டேதான் வண்டியைத் திருப்பினார்.

காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால் வாசலில் நிற்கிறார், கையில் குச்சியோடு.